கட்டத்துக்குள் அடங்காத உறுமி

ஐப்பசி பிறந்துவிட்டால் அகரத்தில் இரண்டு வகைத் தாளம் கேட்கும். முத்தாலம்மன் கோயில் திருவிழாவுக்கு வந்திறங்கும் உறுமி, தப்பு, நையாண்டி மேளம் எல்லாம் ஒரு பக்கம். ரேடியோ செட்காரர் அடுக்கி வைத்த பெட்டிகளில் அதிரும் கணினி பீட்டு இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஆடுகிறவர்கள் அதே இளவட்டங்கள்தாம். பேசும்போது மட்டும் ஒன்றை 'நம்ம கொட்டு' என்கிறோம், மற்றதை 'வெளிநாட்டு மியூசிக்' என்று ஒதுக்கிவிடுகிறோம். திண்டுக்கல்லுக்கு வடக்கே, தாடிக்கொம்பை ஒட்டி, குடகனாற்றுப் பக்கம் இருக்கும் இந்தப் பேரூராட்சியில் ஒரு பையனோ பெண்ணோ மாடி அறையில் மடிக்கணினியைத் திறந்து மின்னணு நடன இசை செய்ய உட்கார்ந்தால், அவர் நுழைவது அந்நியர் வீட்டுக்குள்ளா? இல்லை என்பதே என் முடிவு. அதற்கான ஆதாரம் வரலாற்றிலும் இருக்கிறது, கருவியின் தோலிலும் இருக்கிறது.

வரலாற்றை முதலில் பார்ப்போம். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-இல் டிஆர்-808 என்ற தாளப் பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்து டிபி-303 வந்தது. பேஸ் வாசிக்கத் துணைக்கு ஆள் கிடைக்காத கிதார் கலைஞருக்கு உதவட்டும் என்று செய்த சின்னப் பெட்டி அது. இரண்டும் எதிர்பார்த்தபடி எடுபடவில்லை. 808 சுமார் 12,000 பெட்டிகளோடு 1983-இல் நின்றுபோனது. 303-இன் உற்பத்தி 1984-இல் முடிந்தது. பழைய சாமானாகப் பாதி விலைக்கும் கால் விலைக்கும் கைமாறிய இந்தப் பெட்டிகளைத்தான் சிகாகோவிலும் டெட்ராய்டிலும் இருந்த கறுப்பின இளைஞர்கள் வாங்கினார்கள். பெல்வில் பள்ளித் தோழர்களான ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் மூவரும் டெட்ராய்டில் டெக்னோவை வளர்த்தார்கள். சிகாகோவின் ஃபியூச்சர் குழு, 303-இன் திருகுகளை அதைச் செய்தவர்கள் நினைத்தே பார்க்காத அளவுக்குத் திருகி, 1987-இல் 'ஆசிட் டிராக்ஸ்' என்ற பதிவை வெளியிட்டது. வீட்டு அறையில், வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட கருவியை வைத்து, பணம் போடுகிற கம்பெனி இல்லாமல் பிறந்த இசை இது. இன்று நாம் 'சுயாதீனக் கலைஞர்' என்று புதிதாகச் சொல்வது இந்த இசைக்குப் பிறவிக் குணம்.

அதற்கும் ஐந்து ஆண்டுகள் முன்பே, 1982-இல், மும்பை சினிமா வாத்தியக் குழுக்களில் வாசித்துவந்த சரண்ஜித் சிங் ஒரு தட்டு வெளியிட்டார். பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வைத்துச் செய்த அந்தத் தட்டை எச்எம்வி கொண்டுவந்தது. அவர் கையில் இருந்தவை மூன்றே கருவிகள்: ஜூபிடர்-8 சிந்தசைசர், 808, 303. தட்டு விற்கவில்லை. 2010-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் அதை மறுபதிப்புச் செய்தபோதுதான், ஆசிட் ஹவுஸ் என்று சிகாகோ பெயர் வாங்கிய ஒலி ஒரு பம்பாய்க் கலைஞரின் கையில் முன்னதாகவே வந்திருக்கிறது என்று உலகம் வியந்தது. சிங் 2015-இல் காலமானார்.

இந்த விஷயத்தில் வியப்பைவிடக் காரணம் முக்கியம். 303-இல் 'ஸ்லைடு' என்று ஒரு வசதி உண்டு. ஒரு சுரத்தில் இருந்து அடுத்த சுரத்துக்கு நடுவில் அறுபடாமல் வழுக்கிப் போகும். பியானோவைப் போலப் படிப்படியாக ஏறும் கருவியில் ராகம் தட்டையாகிவிடும். வழுக்கிப் போகும் கருவியில் கமகத்தின் நிழலாவது விழும். சரண்ஜித் சிங் ராகத்தை வைத்துப் பார்க்க இந்தப் பெட்டியைத் தேர்ந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். யாரோ ஒருவர் துணைக்கருவியாகச் செய்ததற்குள் இவர் தன் காது ஏற்கெனவே தேடிக்கொண்டிருந்த ஒன்றைக் கண்டுகொண்டார்.

இந்தியாவில் மின்னணு இசை அதற்கும் முந்தையது. அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் ஒரு மூக் சிந்தசைசரை வைத்து ஸ்டுடியோ அமைத்துக் கொடுத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாதுர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே செய்த பதிவுகள் அரை நூற்றாண்டு ஆவணக் காப்பறையில் கிடந்து 2023-இல் தொகுப்பாக வெளிவந்தன. ஆனால் அது நிறுவனத்துக்குள் நடந்த பரிசோதனை. ஆட்டத்துக்கும் வீட்டுக்கும் அது வரவில்லை.

வீட்டுக்குள் வந்தது கோடம்பாக்கத்தில். ஏ.ஆர். ரகுமானின் தந்தை ஆர்.கே. சேகர் மலையாள சினிமாவில் இசையமைப்பாளர், வாத்திய அமைப்பாளர். அவர் 1976-இல் இறந்தபோது மகனுக்கு ஒன்பது வயது. தந்தை விட்டுப்போன கருவிகளை வாடகைக்குக் கொடுத்துத்தான் குடும்பம் நடந்தது. கருவி என்றால் அந்த வீட்டில் அரிசி பருப்பு. பின்னாளில் கீபோர்டு கலைஞராகப் பலரிடம் வாசித்து, விளம்பரங்களுக்கு இசை செய்து சேர்த்ததை வைத்து, 1989-இல் வீட்டோடு சேர்த்து பஞ்சதன் ரெக்கார்ட் இன் என்ற பதிவுக்கூடத்தை ரகுமான் கட்டினார். பெரிய அரங்கில் எண்பது பேரை ஒரே நேரத்தில் உட்கார வைத்து வாசிக்கச் செய்வது அன்றைய சினிமா வழக்கம். அதை விட்டு, இரவில் ஓர் அறையில் கணினியோடு உட்கார்ந்து, ஒரு வாத்தியக்காரரை ஒரு நேரத்தில் அழைத்து, அடுக்கு அடுக்காக ஒலியைக் கட்டுவது இவர் முறை. 1992 ஆகஸ்ட் 15-இல் வந்த 'ரோஜா' அப்படிக் கட்டியதுதான். ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதரின் காதும் அதில் இருந்தது. முதல் படத்துக்கே தேசிய விருது கிடைத்தது. அந்தப் பாடல்களில் தாளம் எவ்வளவு சுத்தமாக, தனியாக, அருகில் கேட்கிறது என்று இன்றைக்கும் ஹெட்போன் வைத்துக் கேட்டால் தெரியும். கூட்டத்தில் பதிவு செய்த தாளத்துக்கு அந்தத் தனிமை வராது. அறையின் அளவே இசையின் குணமாக மாறியது.

ரகுமான் சினிமாவுக்குள் போனார். தமிழில் தனித்து இசை செய்கிறவர்களின் பாதை பெரும்பாலும் அங்கேதான் முடிகிறது. 2012-இல் 'ஹிப் ஹாப் தமிழன்' என்ற தனி ஆல்பம் போட்ட ஆதியும் ஜீவாவும் 2015-இல் 'ஆம்பள' படத்துக்கு இசையமைத்தார்கள். அதில் தவறில்லை. ஆனால் சினிமாவின் கதவைத் தட்டாமல் உலகச் சந்தைக்கே போன ஒரு தமிழ்ப் பெண்ணும் இருக்கிறார். நம் பேச்சுக்கு அவர் கதைதான் மிக நெருக்கமானது.

மாதங்கி அருள்பிரகாசம் 1975-இல் லண்டனில் பிறந்தவர். கைக்குழந்தையாக யாழ்ப்பாணம் போய், போர் முற்றிய நேரத்தில் தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் அகதியாக லண்டன் திரும்பியவர். படித்தது இசையல்ல, கலைக்கல்லூரியில் திரைப்படம். 2001 வாக்கில் எலாஸ்டிகா என்ற ஆங்கில இசைக்குழுவின் சுற்றுப்பயணத்தைப் படம் பிடிக்கப் போனார். அந்தப் பயணத்தில் அவர்களுக்கு முன் வாசித்த பீச்சஸ் என்ற பெண் கலைஞர், ஒற்றைப் பெட்டியை வைத்தே மேடையைத் தாங்குவதைப் பார்த்தார். அது ரோலண்ட் எம்சி-505. 1998-இல் வந்த அந்தப் பெட்டிக்குள்ளேயே தாளம், பேஸ், சிந்தசைசர், வரிசைப்படுத்தும் வசதி எல்லாம் அடக்கம். எலாஸ்டிகாவின் ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் தன்னுடைய 505-ஐ அவருக்குக் கொடுத்தார். இசை எழுதப் படிக்கத் தெரியாத அவர் அந்தப் பெட்டியையும் நான்கு தடப் பதிவுக் கருவி ஒன்றையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே பாட்டுகளைக் கட்டினார். அவற்றில் ஒன்றான 'கலாங்' ஸ்டுடியோவில் மெருகேறி, 2003-இல் வெறும் 500 தட்டுகளாக வெளிவந்தது. ஐநூறுதான். கேட்டவர்கள் இணையத்தில் கைமாற்றிக் கைமாற்றி அது பரவிய பிறகே பெரிய கம்பெனி தேடிவந்தது. 2005-இல் தந்தையின் இயக்கப் பெயரில் 'அருளர்', 2007-இல் தாயின் பெயரில் 'கலா'. எம்.ஐ.ஏ. என்ற அவர் மேடைப்பெயர் உலகம் முழுதும் தெரிந்தது.

'கலா' நமக்கு இன்னும் நெருக்கம். அமெரிக்காவில் அந்த ஆல்பத்தைப் பதிவு செய்ய நினைத்திருந்தார். விசா கிடைக்கவில்லை. அதனால் ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்ய நேர்ந்தது. அந்த ஊர்களில் ஒன்று சென்னை. 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்' இரண்டு பாடல்களிலும் உறுமியின் ஒலி நடுநாயகமாக நிற்கிறது. அதே ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' 2008-இல் அமெரிக்கத் தரவரிசையில் நான்காம் இடம் வரை ஏறியது. பிறகு ரகுமானோடு சேர்ந்து 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்குச் செய்த 'ஓ... சாயா' ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. பின்கட்டுப் பதிவுக்கூடத்தில் தொடங்கிய ஒருவரும் இரவல் பெட்டியில் தொடங்கிய ஒருவரும் சந்தித்த பாட்டு அது.

உறுமியை ஓர் உள்ளூர் வாசனைக்காக மட்டும் அவர் சேர்த்தார் என்று சொல்ல முடியாது. உறுமி இரண்டு முகமும் இடுங்கிய இடையும் கொண்ட தோல்கருவி. ஒரு முகத்தை மெல்லிய குச்சியால் அடிப்பார்கள். மறுமுகத்தை அடிப்பதில்லை, வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பார்கள். அப்போது எழும் முனகல், தேய்க்கும் அழுத்தத்துக்கு ஏற்பத் தாழ்ந்தும் உயர்ந்தும் வழுக்கிப் போகும். உறுமுவதால்தான் உறுமி. இன்றைய நடன இசையில் 'பேஸ் ஸ்லைடு' என்று கொண்டாடுவது இதைத்தான்: அடியின் முரசொலி முடியும் முன்பே தொனி சறுக்கி இறங்குவது, அல்லது ஒரு பேஸ் சுரம் மற்றொன்றுக்கு இழுபட்டுப் போவது. சரண்ஜித் சிங் 303-இல் தேடியது கம்பளத்து நாயக்கர் வாசலில் தலைமுறைகளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒலியோடு உறவுள்ளது.

அதைவிடவும் பெரிய ஒற்றுமை ஆட்டத்தில் இருக்கிறது. மின்னணு நடன இசையைக் கேலி செய்கிறவர்கள் 'பாட்டே இல்லாமல் வெறும் சத்தத்துக்கு ஆடுகிறார்கள்' என்பார்கள். தென் மாவட்டங்களில் ராஜகம்பளத்து நாயக்கர் ஆடும் தேவராட்டத்துக்குப் பாட்டு கிடையாது. உறுமி வகையைச் சேர்ந்த தேவதுந்துபியின் அடியும் ஆடுகிறவரின் காலும்தான். மெதுவாகத் தொடங்கி, அடவுக்கு அடவு வேகம் கூடி, ஒருவர் கையில் ஒருவர் கண் வைத்து வரிசையாக ஆடுவார்கள். சொல் இல்லாமல் தாளத்தை மட்டும் நம்பி, கூட்டமாக, நெடுநேரம் ஆடுவது இந்த மண்ணில் எவரும் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியிராத ஒன்று.

இப்போது மென்பொருளைத் திறப்போம். பெல்ஜியத்தின் இமேஜ்-லைன் நிறுவனம் 1997-இல் ஃப்ரூட்டி லூப்ஸ் என்ற பெயரில் தொடங்கிய எஃப்எல் ஸ்டுடியோ, 2001-இல் வந்த ஏபிள்டன் லைவ், குறைந்த விலை உரிமத்தில் கிடைக்கும் ரீப்பர், காசில்லாத எல்எம்எம்எஸ் என்று எதைத் திறந்தாலும் கண்ணில் படுவது ஒரு கட்டம் போட்ட தாள்தான். எஃப்எல்லில் ஒரு வரியில் பதினாறு கட்டம், நான்கு நான்காகப் பிரித்திருக்கும். 808-இல் இருந்த பதினாறு பொத்தான்களின் வாரிசு அது. வேகம் ஒரே எண்ணில் நிற்கும். சுரங்கள் பியானோவின் பன்னிரண்டு. இவை இயற்கை விதிகள் என்று புதிதாகக் கற்கிறவர் நம்பிவிடுகிறார். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் ஊரின் பழக்கம் இருக்கிறது. வேகம் மாறாமல் இருப்பதற்குக் காரணம், டிஜே ஒரு தட்டு முடியும்போது அடுத்த தட்டை அதே வேகத்தில் பொருத்தி ஒட்ட வேண்டும் என்பது. ஆறு, ஏழு நிமிடம் நீளும் பாட்டும், தொடக்கத்திலும் முடிவிலும் வெறும் தாளம் மட்டும் வருவதும் அதற்காகவே. டிஜே இல்லாத அகரத்துச் சப்பரத்துக்கு முன் இந்தக் கட்டாயம் ஏதுமில்லை.

நம் குத்துத் தாளம் பெரும்பாலும் திஸ்ர நடை. ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று துடிப்பு. நான்கு நான்காகப் பிரித்த கட்டத்தில் அதை வைத்தால் கால் இடறும். பலர் அப்போது தாளத்தைச் சதுஸ்ரமாக, அதாவது அடிக்கு நான்கு துடிப்பாக, நசுக்கிக் கட்டத்துக்குள் அடக்கிவிடுகிறார்கள். வட்டார வாசனை என்ற பெயரில் வெளிவரும் பல பதிவுகள் உயிரில்லாமல் இருப்பதற்கு இதுவே காரணம் என்று அடித்துச் சொல்வேன். வழி எளிது. ஹவுஸ் இசையின் அடையாளம் ஒரு சுற்றில் நான்கு சம அடியாக விழும் கிக். அந்த நான்கை அப்படியே விட்டுவிட்டு, அடிக்கு நான்கு கட்டத்துக்குப் பதில் மூன்று என்று மாற்றினால் சுற்றுக்குப் பன்னிரண்டு துடிப்பு. நான்கு கிக்கும் நிற்கும், திஸ்ரமும் நடக்கும். ஆடுகிறவரின் பாதம் கிக்கிலும் தோள் திஸ்ரத்திலும் போகும். எல்லா மென்பொருளிலும் இந்த அமைப்பை மாற்றலாம். வேகத்துக்கும் அப்படித்தான். நூறில் தொடங்கி ஆறு நிமிடத்தில் நூற்று நாற்பதுக்கு ஏறும்படி வேகக் கோட்டை வரையலாம். உறுமிக்காரர் அதைத்தான் கையால் செய்கிறார்.

சுரத்துக்கு வந்தால், மிடி என்ற 1983-ஆம் ஆண்டின் ஒப்பந்த மொழியில் தொனியை வளைக்க 16,384 படிகள் உண்டு. உறுமியின் சறுக்கலுக்கு அவை போதும். ஆனால் பெரும்பாலான கருவிகளில் வளைவின் எல்லை மேலும் கீழும் இரண்டு அரைச்சுரம் என்றே அமைத்து வருகிறது. உறுமி அதைத் தாண்டிப் போகும். எல்லையைப் பன்னிரண்டாக்கினால்தான் அந்த முனகல் திரையில் பிறக்கும். ஒரே ஓர் எண்ணை மாற்றும் வேலை. ஆனால் மாற்ற வேண்டும் என்று தோன்றுவதற்கு உறுமியைக் காதால் கேட்டு வளர்ந்திருக்க வேண்டும். அகரத்தில் இருப்பவருக்கு பெர்லினில் இருப்பவரைவிடக் கூடுதலாக உள்ள முதலீடு அந்தக் காதுதான்.

அறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி, பத்தடி உயரம், சிமெண்டுச் சுவர், கான்கிரீட் கூரை: நம் பக்கத்து அறைகள் ஏறத்தாழ இப்படித்தான். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மோதித் திரும்பும் அலை 56 ஹெர்ட்ஸில் வலுக்கும். அகலமும் உயரமும் பத்தடி என்பதால் அந்த 56-இன் வலு இன்னும் கூடும். பன்னிரண்டு அடிக்கு 47. கிக்கின் அடித்தொனி பெரும்பாலும் 50-க்கும் 60-க்கும் நடுவில் உட்காருகிறது. அதாவது இந்த இசையின் இதயமும் நம் அறையின் கோளாறும் ஒரே இடத்தில். இன்னும் சிக்கல் உண்டு. அந்த அலை சுவரோரத்தில் பொங்கும், அறையின் நடுவில் வற்றும். நடுவில் நாற்காலி போட்டு வேலை செய்கிறவருக்குக் கிக் மெலிந்து கேட்கும். அவர் கூட்டிக்கொண்டே போவார். அதே பாட்டைத் திருவிழாப் பெட்டியில் போட்டால் வயிறு கலங்கும், மற்ற எல்லாம் அமுங்கிப்போகும். முட்டைத் தட்டையும் போர்வையையும் சுவரில் ஒட்டுவது இதற்கு மருந்தல்ல. 56 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஆறு மீட்டர். போர்வை பிடிப்பது மேல்தொனியை மட்டும். நடுவை விட்டு, அறை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலான இடத்தில் உட்காருவது, பேஸை ஹெட்போனில் சரிபார்ப்பது, முடித்த பிறகு பல இடத்தில் போட்டுக் கேட்பது: இவையே செலவில்லாத வழி.

பல இடம் என்றேன். அகரத்தில் இருப்பவருக்கு அதில் மிகச் சிறந்த இடம் ரேடியோ செட்காரரின் கொட்டகை. ஒரு காலத்தில் பூவரச மரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கிதான் ஊருக்கெல்லாம் பாட்டுப் போட்டது. குழாய் நாகசுரத்தையும் பாடகரின் குரலையும் மூன்று ஊருக்குக் கேட்கவைக்கும். அடித்தொனியை அதனால் கடத்த முடியாது. அன்றைய பாட்டுகளை நாம் கீச்சென்று நினைவில் வைத்திருப்பதற்குக் குழாயும் ஒரு காரணம். பதினைந்து, பதினெட்டு அங்குலப் பெட்டிகள் வந்த பிறகுதான் பேஸ் என்ற ஒன்று கிராமத்து நெஞ்சைத் தொட்டது. தன் பாட்டை அந்தப் பெட்டியில் ஒருமுறை போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். நாள் முழுக்கப் பல ஊர் இசையைப் பெட்டியில் கேட்கும் அவருக்கு, எந்தத் தொனி தூக்கலாக இருக்கிறது என்று நொடியில் தெரியும். ஆனால் 2000-ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. விழா நாட்களில் மாநில அரசு ஆண்டுக்குப் பதினைந்து நாளுக்கு மிகாமல், நள்ளிரவு வரை தளர்த்தலாம். பச்சைக் குழந்தையும் முதியவரும் உள்ள தெருவில் இந்த விதியை மதிப்பது கலைஞருக்கு அழகு.

சொந்த ஒலியைப் பதிவு செய்யும்போது தப்பும் உறுமியும் கைப்பேசிக்குச் சவால். குரலுக்கென்று அமைத்த தானியங்கி வசதிகள் வலுத்த அடியை அமுக்கி, மெலிந்ததைத் தூக்கி, உறுமியின் தொடர் முனகலை இரைச்சல் என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கும். சிறிய பதிவுக் கருவி ஒன்றை 24 பிட்டில் வைத்து, அளவைக் குறைத்து, சில அடி தள்ளி நின்று எடுக்க வேண்டும். தப்பைத் தீயில் காட்டிக் காய்ச்சியதும் ஒரு தொனி, ஆற ஆற வேறு தொனி. இரண்டு நிலையிலும் எடுக்கலாம். தடித்த குச்சியின் அடியையும் மூங்கில் சிம்பின் அடியையும் தனித்தனியாகப் பத்துப் பத்து எடுத்து, மென்பொருளில் மாறி மாறி ஒலிக்கவிட வேண்டும். ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் அது தையல் இயந்திரம்போல் கேட்கும்.

இங்கேதான் நிற்க வேண்டிய இடம் வருகிறது. தப்பு வெறும் ஒலியல்ல. அதை அடித்தவர்கள் மீது சாதி சுமத்திய இழிவு அதன் தோலோடு சேர்ந்தே வந்தது. சாவுக்கு அடி என்று ஏவியவர்கள் அதை இசை என்று ஏற்க மறுத்தார்கள். திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா உருவாக்கிய சக்தி நாட்டுப்புறக் கலை மையம் தலித் பெண்களின் கையில் பறையைக் கொடுத்து, மேடையேற்றி, அந்த இழிவை நேருக்கு நேர் எதிர்த்தது. அமெரிக்க இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்ற ஆவணப்படமே எடுத்தார். நம் ஊருக்கு எட்டும் தூரத்தில் நடந்த வரலாறு இது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒரு கலைஞரின் அடியைப் பத்து நிமிடத்தில் பதிவு செய்து, பெயரில்லாத கோப்பாக்கி, 'வில்லேஜ் டிரம் லூப்' என்று உலகத்துக்கு விற்பது பழைய அநீதியின் புதுவடிவம். அதை வேறு பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

சட்டமும் கலைஞர் பக்கம்தான் நிற்கிறது. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 'நிகழ்த்துகலைஞர்' யார் என்று விளக்கும்போது நடிகர், பாடகர், வாத்தியக்காரர், ஆடுபவர் என்று தொடங்கிப் பாம்பாட்டியைக்கூடப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அவர் சம்மதம் இல்லாமல் அவர் வாசிப்பைப் பதிவு செய்து விற்க முடியாது. அந்த உரிமை ஐம்பது ஆண்டு நீடிக்கும். 2012 திருத்தம் இன்னும் ஒன்றைச் சேர்த்தது: இந்த வாசிப்பு என்னுடையது என்று தன் பெயர் குறிக்கப்பட வேண்டும் எனக் கோரும் உரிமை. அகரத்துத் தெருவில் உறுமி வாசிப்பவருக்கும் இது பொருந்தும்.

வெளியிடும் வேலை இன்று சுலபம். கட்டணம் வாங்கிக்கொண்டு எல்லாத் தளங்களுக்கும் பாட்டை அனுப்பும் விநியோக நிறுவனங்கள் உண்டு. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது. வருமானத்தில்தான் மயக்கம் கூடாது. முப்பது நொடி கேட்டால்தான் அங்கே ஒரு கேட்பாகக் கணக்கு. பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் கேட்புக்குக் குறைந்த பாட்டுக்கு 2024 முதல் பதிவு உரிமைத்தொகை கிடையாது. அந்த முப்பது நொடிக்குப் பயந்து எடுத்த எடுப்பிலேயே உச்சத்தைக் கொட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். மெதுவாக ஏறும் தேவராட்டத்தின் பொறுமையை அந்தக் கணக்குக்குப் பலி கொடுக்கக் கூடாது. சினிமாப் பாட்டை ரீமிக்ஸ் செய்து போட்டால் தளமே உரிமையாளரைக் கண்டுபிடித்து வருமானத்தை அவருக்குத் திருப்பிவிடும். சொந்தமாகச் செய்தால் பதிவின் உரிமை, இயற்றியதன் உரிமை இரண்டும் உங்களுடையவை. இரண்டாவதற்கான தொகையைத் திரட்டித் தருவது 1969-இல் தொடங்கிய ஐபிஆர்எஸ் சங்கம். விநியோக நிறுவனம் அதைச் செய்யாது. உறுப்பினராகாதவர் அந்தப் பங்கை இழக்கிறார்.

அகரத்தில் இருந்தோ பக்கத்து ஊர்களில் இருந்தோ முதல் ட்ராக்கை வெளியிடப்போகும் தம்பிக்கும் தங்கைக்கும் ஒரு வேண்டுகோள். உறுமி வாசிக்க வரும் அண்ணனுக்கு விழாவில் வாங்கும் ஒருநாள் கூலியையாவது முன்னதாகக் கொடுங்கள். பதிவு எதற்கு, எங்கே போகும், காசு வந்தால் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் தமிழில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். முடித்த பாட்டை வெளியிடும் முன் அவருக்குப் போட்டுக் காட்டுங்கள், தாளம் எங்கே நசுங்கியிருக்கிறது என்று அவர் சொல்லுவார். பாட்டை ஏற்றும் படிவத்தில் நிகழ்த்துகலைஞர் பெயருக்கு ஓர் இடம் இருக்கிறது. அதைக் காலியாக விடாதீர்கள்.